மேனேஜர் தூங்குகிறார்

பதினான்காவது கொண்டை ஊசி வளைவில் மேனேஜர் மறுபடியும் அழ ஆரம்பித்தாள்.

மேனேஜருக்கு வயது எட்டு மாதம். நேரம் காலம் இல்லாமல் கூப்பிடுவாள், எதற்கு என்று சொல்ல மாட்டாள், எவ்வளவு செய்தாலும் திருப்தி என்பதே கிடையாது. அதனால் அப்பா வைத்த பெயர் அது. பின் சீட்டில், குழந்தைகளுக்கான தனி இருக்கையில், காரின் பின் கண்ணாடியைப் பார்த்தபடி அவளை வார் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அப்படி வைத்தால்தான் கழுத்துக்குப் பாதுகாப்பு என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஓட்டுகிறவனுக்கு அந்த இருக்கையின் முதுகு மட்டுமே தெரியும். குரல் மட்டும் குறைவில்லாமல் கேட்கும்.

முன் சீட்டில் தலையணையை ஜன்னலோடு அணைத்துச் சாய்ந்திருந்த மனைவி ஒரு கண்ணைத் திறந்தாள்.

"நான் பின்னாடி போய் உக்காந்துக்கவா?"

"நீ கண்ணை மூடு. அக்கா வீடு வர்ற வரைக்கும் திறக்கவே கூடாது. மேனேஜர் என் பொறுப்பு."

"நேத்து ராத்திரியும் இதையேதான் சொன்னீங்க. அப்புறம் நீங்கதான் முதல்ல குறட்டை விட்டீங்க."

"இன்னிக்கு வண்டி ஓட்டறேன்ல? குறட்டை விட்டா நேரா பள்ளம்தான். அதனால முழிச்சுதான் இருப்பேன்."

அந்தப் பேச்சில் ஏதோ நியாயம் இருப்பதாக அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டாள்.

எட்டு மாதமாக அவள் சேர்ந்தாற்போல இரண்டு மணி நேரம் தூங்கியதில்லை. வரும் திங்கட்கிழமை தபால் நிலையக் கவுண்டருக்குத் திரும்ப வேண்டும். போன வாரம் குழந்தைக்குப் போடும் கிரீமை பிரஷில் பிதுக்கிப் பாதிப் பல் துலக்கிய பிறகுதான் கவனித்தாள். மறுநாள் வாசல் மணி அடித்த பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து, "இந்தக் கவுண்டர் மூடியாச்சு, அடுத்ததுல நில்லுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அவரும் பாவம், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனார்.

அன்றைக்குத்தான் அவன் பயந்துபோனான். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவளுடைய அக்கா வீட்டுக்கு மூன்று நாள் போவதென்று முடிவாயிற்று. அக்கா சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவள். மலைப் பனியையே ஓரங்கட்டுகிறவளுக்கு ஒரு குழந்தை எம்மாத்திரம்? ஆறு மணி நேரப் பயணம். அந்த ஆறு மணி நேரமும் மனைவியைத் தூங்க வைத்தே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று அவன் மனதுக்குள் சபதம் எடுத்திருந்தான்.

சபதத்துக்குத் தேவையான தகுதி தனக்கு இருப்பதாகவும் நம்பினான். மின்விசிறித் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு அவன் வேலை. விசிறியைச் சுற்ற விட்டு, கீச்சிட்டால் ஏன் கீச்சிடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். 'சத்தம் வந்தால் காரணம் இருக்கும், ஒன்றொன்றாக மாற்றிப் பார்' என்பது அங்கே பாலபாடம். அந்தத் தொழில் பாசத்தில்தான், வருடத்தில் ஏழு மாதம் பனி கொட்டும் ஊரில் இருக்கும் அக்காவுக்குப் பரிசாக ஒரு சீலிங் ஃபேனும் டிக்கியில் வந்துகொண்டிருந்தது.

"அங்க எதுக்குங்க ஃபேன்?" என்று கிளம்பும்போது மனைவி கேட்டாள்.

"நல்ல ஃபேன்மா" என்றான்.

இப்போது அழுகை உச்சத்துக்குப் போயிற்று. ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கினான். குறையவில்லை. இரண்டாவது கியருக்கு வந்தான். குறையவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே மெட்டை முணுமுணுத்தான். கூடிற்று. பதினைந்தாவது வளைவு திரும்பி வேகம் இருபத்தெட்டைத் தொட்டதும், விசையை அணைத்தாற்போல் அழுகை நின்றது.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். வேகம் இருபத்தெட்டு. இரண்டாவது கியர். ஜன்னல் இரண்டு விரல். மெட்டு. இந்த நான்கில் எது காரணம் என்று தெரியாத வரை நான்கையும் மாற்றக்கூடாது. விசிறிக்குச் சொன்னது மேனேஜருக்கும் பொருந்தும்.

"தூங்கிட்டாளா?" என்று மனைவி கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"அடிச்சுப் போட்ட மாதிரி."

"நீங்க கெட்டிக்காரர்தான்" என்றவள், அடுத்த நிமிடம் வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிப்போனாள். அவளை அப்படிப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! ஆனால் மெட்டை நிறுத்த முடியாதே, அவளைப் பார்த்தபடியே முணுமுணுத்தான்.

அப்போதுதான் கண்ணாடியில் அந்த லாரியைக் கவனித்தான்.

பச்சை லாரி. மேலே தார்ப்பாய் விலகி முட்டைக்கோஸ் எட்டிப் பார்த்தது. காருக்குப் பின்னால் பத்தடியில், ஒட்டிக்கொண்டு வந்தது. திடீரென்று விளக்கைப் போட்டு அணைத்தது. போட்டு அணைத்தது.

'மெதுவாப் போறேன்னு கோபம் போல' என்று நினைத்தவன், கையை வெளியே நீட்டி, முந்திப் போகச் சொல்லிச் சைகை காட்டினான். லாரி முந்தவில்லை. பதிலுக்கு டிரைவர் ஜன்னலிலிருந்து சிவப்புத் துண்டு ஒன்று வெளியே வந்து, தலைக்கு மேல் சுற்றிவிட்டு உள்ளே போயிற்று.

சிவப்புக்கு நல்ல அர்த்தம் எதுவும் அவனுக்குத் தெரியாது. வேகத்தை நாற்பதுக்கு ஏற்றினான். இரண்டு வளைவு தாண்டியதும் லாரி மறைந்தது. நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் பின் சீட்டிலிருந்து சிணுங்கல் கிளம்பிற்று.

'ஆக, வேகம்தான் காரணம்.' உடனே இருபத்தெட்டுக்கு இறங்கினான். லாரி வந்து சேர்ந்தது. சிணுங்கல் நின்றது. கண்டுபிடிப்பு சரிதான், ஆனால் கூடவே லாரியும் வருகிறது.

அடுத்து ஹாரன். பாம், பாம், பப்பப்பாம் என்று கல்யாண ஊர்வலம் போல அடித்தான் லாரிக்காரன். மனைவி புரண்டு படுத்தாள். அவனுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் மேனேஜரிடமிருந்து சத்தமே இல்லை. இந்த ஹாரனுக்குச் செத்தவனே எழுந்து உட்காருவான், இவள் அசையவில்லை என்றால் எப்பேர்ப்பட்ட தூக்கம்! அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு மணி நேரம் இப்படியே போயிற்று. காலையில் குடித்த இரண்டு டம்ளர் காபி தன் கணக்கைத் தீர்க்கச் சொல்லி நெருக்கியது. வேறு வழியில்லாமல், சாலை கொஞ்சம் அகலமாக இருந்த இடத்தில் பாறையோரம் காரை ஒதுக்கினான். இன்ஜினை அணைக்கவில்லை. லாரி தயங்கித் தயங்கி அருகில் வந்து, நிற்க இடமில்லாமல் கடந்து போய், வளைவில் மறைந்தது. அவன் கும்பிடு போடாத குறை.

பாறைக்குப் பின்னால் போய் நின்றானோ இல்லையோ, மலை எதிரொலிக்கும்படி அலறல். பாதியில் ஓடிவந்தான்.

மனைவி விழித்து, சீட் பெல்ட்டோடு போராடிக்கொண்டிருந்தாள். "என்னாச்சு? ஏன் நின்னீங்க?"

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. வண்டி நின்னதுல முழிச்சுட்டா. நகர்ந்தா தூங்கிடுவா. நீ படு."

இருபத்தெட்டு, இரண்டாவது கியர், இரண்டு விரல், மெட்டு. ஒன்றும் பலிக்கவில்லை. அழுகை நிற்கவில்லை. அவனுடைய அறிவியலே ஆட்டம் கண்டது. வளைவு திரும்பினான். அங்கே, சாலையோரம், அதே பச்சை லாரி நின்றுகொண்டிருந்தது.

காத்துக்கொண்டு நிற்கிறது.

கார் கடந்ததும் லாரி உறுமிக்கொண்டு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அதே நொடியில் மேனேஜர் அமைதியானாள்.

"பாருங்க, தூங்கிட்டா" என்று முனகிவிட்டு மனைவியும் தூங்கினாள். அவன் மட்டும் சாலையைவிடக் கண்ணாடியையே அதிகம் பார்த்தான். முந்தச் சொன்னால் முந்தவில்லை. முந்திப் போனவன் காத்திருந்து பின்னால் வருகிறான். இருபது மைலுக்கு ஒரு வீடு கூட இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை. டிக்கியில் ஒரு ஃபேன், பையில் நான்கு பால் பாட்டில். இதைக் கொள்ளையடிக்கவா ஒருவன் இவ்வளவு பாடுபடுவான்?

மனைவியை எழுப்பிச் சொல்லலாம். அவள் ஒரே பார்வையில் தைரியம் சொல்லிவிடுவாள், கவுண்டரில் எத்தனை பேரைச் சமாளித்தவள். ஆனால் அவள் கன்னத்தில் தலையணையின் மடிப்பு பதிந்திருந்தது. உதட்டோரம் எச்சில் லேசாக வழிந்திருந்தது. இந்தத் தூக்கத்தைக் கலைப்பதைவிடக் கொள்ளை போவதே மேல் என்று தோன்றியது. பயத்தையும் சேர்த்து மெட்டாக முணுமுணுத்தான்.

கணவாய்க்குக் கொஞ்சம் முன்னால் சாலை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் சந்தைக்கு என்று பலகை சொன்னது. வலது பக்கம் அக்காவின் ஊர், அதற்கப்பால் பனிமலைதான். அவன் மூளை வேலை செய்தது. இடது சிக்னலைப் போட்டான். நூறு அடி முன்னாலிருந்தே போட்டான். பிரிவு வந்ததும் சட்டென்று வலது பக்கம் ஒடித்தான்.

கண்ணாடியில் பார்த்தான். லாரி பிரிவில் நின்றுவிட்டது! முட்டைக்கோஸ் லாரிக்குச் சந்தைதானே போக்கிடம்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சரிதான் என்று தன்னையே நினைத்துச் சிரித்துக்கொண்டான். பின்னால் மேனேஜர் லேசாக விசும்பினாள். மெட்டைக் கூட்டினான். விசும்பல் அழுகையாக முற்றும் தருவாயில், லாரி மெல்ல நகர்ந்தது. வலது பக்கம் திரும்பியது. விளக்கைப் போட்டு அணைத்துக்கொண்டு பின்னால் வந்தது.

இனிமேல் சந்தேகமே இல்லை. முட்டைக்கோஸை வாங்க ஆள் இல்லாத ஊருக்கு முட்டைக்கோஸ் லாரி வருகிறதென்றால், அது முட்டைக்கோஸுக்காக வரவில்லை.

அடுத்த நாற்பது கிலோமீட்டரை அவன் எப்படிக் கடந்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. முணுமுணுத்து முணுமுணுத்து மெட்டு தேய்ந்து வெறும் காற்றாக வந்தது. சாலைத் துறைக் குடியிருப்பின் வாசல் தெரிந்ததும் உள்ளே நுழைந்து, அக்கா வீட்டு முன்னால் காரை நிறுத்தினான். லாரியும் பின்னாலேயே வந்து நின்றது.

சத்தம் போடாமல் இறங்கினான். டிக்கியைத் திறந்தான். ஆயுதமென்று இருந்தது ஒன்றுதான். அட்டைப்பெட்டியைக் கிழித்து ஃபேனின் இறக்கை ஒன்றை உருவி, இரண்டு கையாலும் ஓங்கிப் பிடித்தபடி நின்றான்.

லாரியிலிருந்து இறங்கியவர் ஒல்லியான மனிதர். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். கழுத்தில் சிவப்புத் துண்டு. இறக்கையைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

"சார், சார்! அதைக் கீழ போடுங்க. கண்ணு கிண்ணு பட்டுடப் போகுது."

"கிட்ட வராதீங்க!" என்றான், குரல் உயராமல். மனைவி தூங்குகிறாளே. "எதுக்கு எங்களைத் துரத்திட்டு வர்றீங்க?"

"துரத்தலயே சார். மெதுவாப் பேசுங்க, அந்தம்மா தூங்கறாங்க."

"அது எனக்குத் தெரியும். குழந்தையும் தூங்குது!"

லாரிக்காரர் அவனை விசித்திரமாகப் பார்த்தார். பிறகு காரின் பின் கண்ணாடியை நோக்கி விரலை நீட்டினார்.

அவன் திரும்பினான். காலையிலிருந்து முதன்முறையாக மேனேஜரின் முகத்தைப் பார்த்தான். தூக்கத்தின் சாயல் கூட இல்லை. கண் இரண்டும் பளபளவென்று திறந்திருந்தன. லாரிக்காரரைக் கண்டதும் பல்லில்லாத வாயைத் திறந்து, கால் இரண்டையும் உதைத்துக்கொண்டு சிரித்தாள். அவர் துண்டை எடுத்துத் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றினார். மேனேஜர் கிளுக்கென்று சிரித்தாள்.

"இதுக்குத்தான் நல்லாச் சிரிக்கும்" என்றார். "லைட்டுக்கும் சிரிக்கும். ஹாரனுக்குக் கைய ஆட்டும். வைப்பர் போட்டா மட்டும் கொஞ்சம் யோசிக்கும்."

இறக்கை தானாகக் கீழே இறங்கியது. வேகம் இருபத்தெட்டு, கியர், ஜன்னல், மெட்டு எல்லாம் ஒவ்வொன்றாக அவன் தலைக்குள் உதிர்ந்தன. அவமானம், நன்றி, சிரிப்பு மூன்றும் ஒன்றாக வந்து எதை முதலில் வெளியே விடுவதென்று தெரியாமல் நின்றான்.

கதவைத் திறந்துகொண்டு அக்கா வந்தாள். காருக்குள் எட்டிப் பார்த்தாள். தங்கை தூங்கும் அழகைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மேனேஜரை அலுங்காமல் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அவளை எழுப்பாதீங்க தம்பி. கார்லயே தூங்கட்டும், நான் கம்பளி கொண்டு வரேன்" என்றவள் அவன் கையைப் பார்த்தாள். "அது என்ன?"

"ஃபேன் அக்கா. உங்களுக்குத்தான்."

அக்கா பனிமலையை ஒரு முறை பார்த்தாள், அவனை ஒரு முறை பார்த்தாள், கம்பளி எடுக்க உள்ளே போனாள்.

அவன் லாரிக்காரர் பக்கம் திரும்பினான். "மன்னிச்சுக்கங்க. நான் என்னென்னவோ நினைச்சுட்டேன். நீங்களும் இந்த ஊருக்குத்தான் வந்தீங்களா?"

லாரிக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்த வழியை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"நான் போக வேண்டிய சந்தை அந்தப் பிரிவுலயே இடது பக்கம் போயிடுச்சு சார், திரும்பலாம்னுதான் நின்னேன், பாப்பா உதட்டைப் பிதுக்கிச்சு, முட்டைக்கோஸ் நாளைக்கும் விக்கும்னு வந்துட்டேன்."