ஊர் முட்டிக்கெல்லாம் ஒரு டாக்டர்

உபதேசிகள் என்றோர் இனம் உண்டு. சொல்வதற்கென்றே பிறந்தவர்கள், செய்வதற்குத்தான் மற்றவர்கள் இருக்கிறார்களே! அந்த இனத்தின் அசல் உருப்படியைப் பார்க்க வேண்டுமா? திமோக் ஆற்றங்கரையில் எங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். டாக்டர் வுகாஷின் உள்ளேதான் இருக்கிறார்.

முன்பெல்லாம் மூட்டுவலி என்று போனால் அவர் முட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார். "வயசாச்சு, தேய்ஞ்சு போச்சு. மாத்திரை போட்டுக்கிட்டு அசையாம கிடங்க." அவ்வளவுதான் வைத்தியம். போன குளிர்காலம் தலைநகரில் ஏதோ பயிற்சிக்குப் போய் வந்தார், ஆளே மாறிவிட்டார். காத்திருக்கும் அறையின் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, வந்தவர்களையெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து எழ வைத்தார். ரொட்டிக்கடைக்காரரை ஆற்றோரம் நடக்க விரட்டினார், பாதிரியாரின் தொந்தியைக் கரைக்கச் சொன்னார், ஜன்னல் காற்றுதான் முட்டிக்குள் புகுந்துவிட்டது என்று சத்தியம் செய்தவர்கள் முன்னால் ஜன்னலை அகலத் திறந்துவைத்தார். முட்டைக்கோஸ் இலையை நசுக்கி, ரக்கியா சாராயத்தில் நனைத்து முட்டியில் கட்டி வந்தவர்களை வாசலிலேயே மடக்கினார். "சாலட்டை வீட்டுல வச்சிட்டு வாங்க!"

ஓய்வுபெற்ற தபால்காரி ஸ்தமென்கா மட்டும் முரண்டு பிடித்தாள். "நடந்து நடந்துதானே டாக்டரே தேஞ்சுது? இன்னும் நடங்கிறீங்களே!"

"தேயறதுக்கு அதென்ன செருப்பாம்மா? எழுந்திருங்க!"

திட்டிக்கொண்டே எழுந்தாள். வசந்தம் வருவதற்குள் மாடிப்படியைத் தாண்டித் தாண்டி ஏறினாள்.

டாக்டரின் முட்டியா? அதை மட்டும் கேட்காதீர்கள். அதற்கு நேரமே இல்லை. அடுத்த தெருவுக்கும் காரில்தான் போவார். அவர் வீட்டுத் தோட்டத்தில் முட்டைக்கோஸ் மட்டும் ஏனோ சீக்கிரம் தீர்ந்துபோகும்.

வினை கல்யாண உருவில் வந்தது. மணமகள் நெவென்காவுக்கு அவர் ஞானத்தகப்பன். பிறந்த அன்றே கையில் ஏந்தி, ஞானஸ்நானத்துக்கும் தூக்கிப்போன பிள்ளை. வட்டமாய்க் கைகோத்து ஆடும் கோலோ ஆட்டத்தில் ஞானத்தகப்பன் கைகோக்காமல் உட்கார்ந்தால் எங்கள் பக்கம் மணமகளுக்குத் தலைகுனிவு. "ஞானப்பா, எங்கூட ஒரு சுத்தாவது ஆடுவீங்கல்ல?" என்று அவள் கேட்டபோது பாவம், மனிதர் தலையை ஆட்டிவிட்டார்.

ஊதுகுழல்கள் முழங்கின. கைக்குட்டையை வீசியபடி ஸ்தமென்கா வரிசையை இழுத்துப் போனாள். டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பாதி வட்டம் போனார். முட்டி மடங்கியது. கால்சட்டைக்குள்ளிருந்து ஈரமாய் ஏதோ வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தது. முட்டைக்கோஸ்! ரக்கியா வாசனை மண்டபமெங்கும் பரவியது. வாத்தியம் நின்றது.

ஸ்தமென்கா குனிந்து அதை எடுத்தாள். குனிந்தாள், கவனியுங்கள். "என்ன டாக்டரே, சாலட்டை வீட்டுல வச்சிட்டு வந்திருக்கக் கூடாதா?"

மண்டபமே சிரித்தது. அவருக்குப் பூமிக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. நெவென்கா ஒரு நாற்காலியை இழுத்து வட்டத்தின் நடுவில் போட்டு அவரை உட்கார வைத்தாள். கையை மட்டும் விடவில்லை. "சுத்து இன்னும் முடியல, ஞானப்பா."

ஆட்டம் அவரைச் சுற்றித் தொடங்கியது. "எழுந்திருங்க!" என்றார் ரொட்டிக்கடைக்காரர். "உட்காருங்க!" என்றார் பாதிரியார், டாக்டரின் குரலிலேயே. டாக்டர் எழுந்தார், உட்கார்ந்தார், எழுந்தார். ஊரைத் திட்டிக்கொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டே, பாட்டு முடியும்வரை.

இப்போது சுகாதார நிலைய வட்டத்தில் அவருக்கும் ஒரு நாற்காலி உண்டு. பக்கத்து நாற்காலி காலிதான். நேற்று எதிர்வீட்டுக்காரரிடம், "தினமும் நடங்க சார், எல்லாம் சரியாப் போயிடும்" என்றீர்களே, அது உங்களுக்குத்தான். முட்டியைத் தடவியது போதும், எழுந்திருங்கள் பார்ப்போம்.