ஒன்றரை அங்குல இறக்கை

சம்பந்தியாகப் போகிறவர் நீட்டிய பேட்ஜைத் திருப்பிப் பார்த்ததும் வேணுகோபாலுக்கு உண்மை தெரிந்துவிட்டது.

வெள்ளியில் இரண்டு இறக்கை, நடுவில் கிரீடம். பின்பக்கம் புடவையில் குத்துகிற மாதிரி ஒரு ஊசி. மொத்தமே ஒன்றரை அங்குலம்தான்.

"எங்கப்பாவோடதுங்க. வெள்ளக்காரன் காலத்து யுத்தத்துல பிளேன் ஓட்டுனவரு," என்றார் செல்லமுத்து. ஜெயங்கொண்டத்தில் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர். "அதப் பத்தி வாயே தொறக்க மாட்டாரு. அவ்ளோ அடக்கம். நீங்க இதுல கெட்டிக்காரராமே, பாத்துச் சொல்லுங்க சம்பந்தி."

கெட்டிக்காரர்தான். அரியலூர் தபால் ஆபீசில் ஓய்வுபெற்ற வேணுகோபால் இருபது வருடமாகப் பழைய ராணுவ பேட்ஜ்களைச் சேர்த்து வருகிறார். அந்தக் காலத்து விமானிகள் சட்டையில் தைத்துக்கொண்ட இறக்கை துணியில் நூல்வேலை செய்தது. இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். இதை எந்த விமானியும் சட்டையில் மாட்டியிருக்க முடியாது.

ஆனால் மகள் நர்மதாவின் நிச்சயதார்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

"அசல் வெள்ளிங்க. அந்தக் காலத்து முத்திரையும் இருக்கு," என்றார். இரண்டுமே உண்மை.

செல்லமுத்து காதில் 'அசல்' மட்டும் விழுந்தது. மறுநாள் காலை வாட்ஸப்பில் பத்திரிகையின் மாதிரி வந்தது. மாப்பிள்ளை பூவரசன் பெயருக்கு மேலே, 'போர் விமானி வைரக்கண்ணு அவர்களின் பேரன்.' இரண்டு பக்கமும் இறக்கை.

"உள்ளதச் சொல்லிட வேண்டியதுதானே," என்றாள் மனைவி சாந்தா.

"என்னன்னு? உங்கப்பா பிளேன் ஓட்டலைன்னா?"

"வெள்ளின்னு மட்டும் சொல்லத் தெரிஞ்சுதுல்ல."

வேணுகோபால் செல்லமுத்துவுக்குப் போன் போட்டார். "சர்டிபிகேட் ஒண்ணு வாங்கிட்டு அச்சடிப்போங்க. திருச்சியில அன்பழகன்னு விமானப்படையில இருந்து ரிட்டயரான அதிகாரி இருக்காரு."

அன்பழகன் ஒரு கடிதத்துக்குப் பதில் போட நாலு மாதம் எடுத்துக்கொள்பவர். அந்தத் தைரியத்தில்தான் வேணுகோபால் பேட்ஜின் போட்டோவை அவருக்கு அனுப்பினார். மூன்றாம் நாளே கூரியரில் இரண்டு பக்கக் கடிதம் வந்து நின்றது.

முதல் பக்கத்தில், யுத்த காலத்தில் செய்தது, போலி இல்லை என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தில், இது விமானி அணிவதல்ல, மனைவிக்கோ காதலிக்கோ விமானி பரிசாகக் கொடுப்பது என்று இருந்தது.

வேணுகோபால் முதல் பக்கத்தை மட்டும் அனுப்பிவைத்தார்.

செல்லமுத்து அதைச் சட்டம் போட்டு மாட்டினார். பத்திரிகை அச்சாகியது. மண்டப வாசலில் பத்தடி ஃப்ளெக்ஸ் ஏறியது. போதாததற்கு, பெரம்பலூர் முன்னாள் ராணுவ வீரர்கள் பன்னிரண்டு பேரை, வந்து ஒரு சல்யூட் வைக்கச் சொல்லி அழைத்தும் விட்டார்.

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் கோட்டில் அந்தப் பேட்ஜ் மின்னியது. முன்னாள் வீரர்களில் ஒருவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

"என்ன தம்பி, இவ்ளோ சின்னதா இருக்கு?"

அதற்குமேல் வேணுகோபாலால் தாங்க முடியவில்லை. செல்லமுத்துவை ஸ்டோர் ரூமுக்கு அழைத்துப்போய், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நிறுத்தி, சட்டைப் பையிலிருந்த இரண்டாம் பக்கத்தைக் கொடுத்தார்.

"மன்னிச்சிருங்க சம்பந்தி. அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

செல்லமுத்து இரண்டு முறை படித்தார். வெளியே தாம்பூலத் தட்டுகளை எடுத்துவைக்கும் சத்தம் கேட்டது. அந்தத் தட்டுகள் அப்படியே காரில் ஏறித் திரும்பிப் போவதை வேணுகோபால் மனதுக்குள் பார்த்துவிட்டார்.

செல்லமுத்து நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"எங்கப்பா எங்கம்மாகிட்ட ஒரு வார்த்த சிரிச்சுப் பேசி நான் பாத்ததில்லைங்க. அந்த மனுசன் அம்மாவுக்குன்னு இத வாங்கிட்டு வந்திருக்காரு பாருங்க."

வேணுகோபால் வேகமாகத் தலையாட்டினார்.

செல்லமுத்து நேராக மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்தார். போர் விமானியான தன் தகப்பனார் ஆசையோடு தன் தாய்க்குக் கொடுத்த பரிசு இது என்று சொன்னார். பெண்கள் பக்கம் முந்தானைகள் கண்ணுக்குப் போயின. பன்னிரண்டு பேரும் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்கள். தட்டு மாற்றினார்கள்.

பந்தியில் வேணுகோபால் இலை இலையாகப் போய் விசாரித்தார். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு அவருக்கும் பசித்தது. கடைசி இலையில் செல்லமுத்துவின் அக்கா பொன்னம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"உங்க அப்பாவுக்கு அம்மா மேல எவ்ளோ பிரியம் பாருங்க," என்றார் அவளிடம்.

பொன்னம்மாள் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

"தம்பிக்கு வெவரம் தெரியாதுங்க, அப்பா உளுந்தூர்பேட்ட ஏரோடிரோம்ல சமையக்காரரு, அவரு வச்ச கோழிக் கொழம்பத் தின்னுபுட்டு, பிளேன் ஓட்டுன தொரை ஒருத்தன் ஊர்ல இருக்கற பொஞ்சாதிக்குன்னு வச்சிருந்தத எடுத்து அப்பாவுக்கே குத்தி வுட்டுட்டுப் போயிட்டான்."