பேத்தியின் பின்மண்டை வேர்வை தொடர்பாக

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு அனைவரும் சௌக்கியம். தாங்களும் சம்பந்தியம்மாவும் தையல் கடையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். போனில் பேசினால் குரல் உயர்ந்துவிடும் என்பதால் கடிதம். கடந்த ஞாயிறன்று தாங்கள் இங்கு வந்து, தூங்கிக்கொண்டிருந்த நம் நாலு மாதப் பேத்தியின் பின்மண்டையைத் தொட்டுப் பார்த்து, "இது வீடா, அடுப்பா? குழந்தை நனைஞ்சு கிடக்கே! இனிமே பகல்ல எங்க வீட்ல விடுங்க" என்று எல்லார் முன்னாலும் கூறினீர்கள். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். ஆதாரம் திரட்ட வேண்டியிருந்தது.

முப்பத்தொரு வருடம் மீன் கிடங்கில் குளிர்சாதனப் பொறுப்பாளராக இருந்தவன் நான். அரை மணிக்கொரு தடவை சூடு பார்த்து நோட்டில் எழுதாவிட்டால் எனக்குக் கை அரிக்கும். அத்தனை டன் மீனைக் கெடாமல் பார்த்தவனுக்கு ஆறு கிலோ பேத்தியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா? மகள் ஆபீசுக்கும் மனைவி பள்ளிக்கூடத்துக்கும் கிளம்பியதும் சாயங்காலம் வரை பாப்பா என் பொறுப்பு. அந்தப் பொறுப்பைத் தாங்கள் பறிக்கப் பார்த்தது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

திங்கட்கிழமை ஏசியை இருபத்தி நாலில் வைத்தேன், தலை வேர்த்தது, இருபத்தி ரெண்டுக்கு இறக்கினேன், கை சில்லுன்னு ஆச்சு, சரின்னு ஸ்வெட்டர் போட்டேன், மறுபடி வேர்த்துச்சு, இருபதுக்கு இறக்கினேன், இப்போ கால் சில்லுன்னு ஆச்சு, சாக்ஸ் மாட்டி, சம்பந்தியம்மா ஆசையா பின்னிக் கொடுத்த கம்பளிக் குல்லாவையும் மாட்டினேன், ஏன்னா கிடங்குக்குள்ள குல்லா இல்லாம நான் ஒருத்தரையும் விட்டதில்ல, அதுக்கப்புறம் பாருங்க, குல்லாவைப் பிழிஞ்சா ஒரு டம்ளர் தேறும், விடுவேனா, பதினெட்டு! சாயங்காலம் வீட்டுக்காரி கதவைத் திறந்தவ அப்படியே நின்னுட்டா. "தூங்க வைக்கிறீங்களா, பார்சல் கட்டுறீங்களா?"ன்னு கேட்டா. நான் பழைய கிடங்குக் கோட்டைப் போட்டு உக்காந்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை குழந்தை டாக்டரம்மா குல்லாவை எடுத்து, ஸ்வெட்டரை எடுத்து, அதுக்கடியில இன்னொரு சட்டையையும் எடுத்துட்டு, "அப்பாடா, உள்ள ஒரு குழந்தை இருக்கு"ன்னாங்க. பாப்பா சூட்டையெல்லாம் எழுதி வெச்ச என் நோட்டை நாலு பக்கம் புரட்டிட்டு சிரிப்பை அடக்கிக்கிட்டாங்க. "இந்த வயசுல உடம்புக்கு சூட்டைச் சரிபண்ணிக்க இன்னும் தெரியாது. வேர்வை பெரும்பாலும் தலையிலதான் வரும், அசந்து தூங்கும்போது அதிகமாவே வரும். பால் குடிக்கையில வேர்த்து மூச்சு வாங்கினாலோ, எடை ஏறலன்னாலோதான் கவலை. இவ நல்லா இருக்கா. ஒத்தைப் பருத்திச் சட்டை போதும்"ன்னாங்க. "எங்க தூங்குறா?"ன்னு கேட்டாங்க. "ஹால்ல"ன்னேன். அதுக்கு மேல அவங்களும் கேக்கல, நானும் சொல்லல.

ஆகவே, வேர்வைக்குக் காரணம் வயசு, வீடு அல்ல என்பது நிரூபணம் ஆகிறது. பாப்பாவை இடம் மாற்றத் தேவையில்லை. குல்லா பத்திரமாக இருக்கிறது. டாக்டர் சொன்னதைச் சம்பந்தியம்மாவிடம் பக்குவமாகச் சொல்லவும்.

தங்கள் கத்திரிக்கோல் என்றும் மழுங்காதிருக்க வேண்டிக்கொள்ளும்,
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுறதுக்கு முன்னாடி நோட்டை மறுபடி பார்த்தேன். முப்பத்தொரு வருஷத்துல எந்த நோட்டுலயும் நான் எதையும் மறைச்சதில்ல. இப்ப மறைச்சிருக்கேன். பாப்பா தூங்குறது ஹால்லதான், ஆனா என் இடது கை மேல. ரெண்டு மணி நேரம் ஆனாலும் கீழ போடுறதில்ல. என் முழங்கை மடிப்புல படுற இடம்தான் அப்படி நனையுது. ஞாயித்துக்கிழமை நீங்க வர்ற சத்தம் கேட்டுத்தான் அவசரமா கீழ போட்டேன். நேத்து யாரோ கதவைத் தட்டினாங்கன்னு தொட்டில்ல போட்டேன். பேசாம தூங்கினா, தலை காஞ்சே இருந்துச்சு. எனக்குத்தான் கையை எங்க வைக்கிறதுன்னு தெரியல. பத்து நிமிஷம் பொறுத்துட்டு மறுபடி தூக்கிக்கிட்டேன். நீங்க கேட்டதும் நியாயம்தான், அடுத்த வாரம் முழுக்க பகல்ல நீங்களே வெச்சுக்கோங்க. ஆனா அங்கயும் வேர்க்கும். நீங்க மட்டும் கீழ போட்டுடுவீங்களாக்கும்?