இறக்கிவிட்ட மரியாதை

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்
ஞாயிற்றுக்கிழமை காலை

மதிப்பிற்குரிய திரு. கார்த்திகேசன் அவர்களுக்கு, பெண்ணைப் பெற்ற ஞானசேகரன் கைகூப்பி எழுதிக்கொண்டது.

முதலில் ‘சம்பந்தி’ என்றுதான் எழுதினேன். அப்படி அழைக்கும் உரிமை இன்னும் எனக்கு இருக்கிறதா என்று தெரியாததால் அடித்துவிட்டேன். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டாம். சிதம்பரத்தில் தாங்களும் தங்கள் வீட்டாரும் ஒரு குறையுமின்றி இருக்க நடராஜப் பெருமானை வேண்டுகிறேன். இங்கே நாங்களும் அவ்வாறே என்று எழுதுவது முறை. பேனா மறுக்கிறது.

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். அன்று தங்கள் வீட்டு வாசலில், தங்கள் அக்கா சௌந்தரம் அம்மையார் முன்னிலையில், என் இடுப்பில் இருந்த துணி கீழே விழுந்தது. “காத்துங்க, காத்து” என்று நான் முணுமுணுத்தது பொய். அன்று இலைகூட அசையவில்லை. நானேதான் அவிழ்த்தேன். என் வலது கையால், பெரியவர்களுக்குக் கொடுக்க வேண்டிய முழு மரியாதையோடு இழுத்து அவிழ்த்தேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்று எடுத்தால் தங்கள் பெயர் வருகிறது, பெயரோடு அந்த வாசலும் வருகிறது, வைத்துவிடுகிறேன். அன்று தாங்கள் ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்த வேட்டியைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து அனுப்புகிறேன். அதன் மடிப்பில்தான் இதை வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மூலம் என் மச்சான் செந்தமிழ்செல்வன். என் மனைவி புஷ்பவள்ளியின் தம்பி, ஸ்காட்லாந்தில் டண்டீ என்ற ஊரில் கம்ப்யூட்டர் வேலை. பெயரில்தான் செந்தமிழ் இருக்கிறது, பேச்சில் கிடையாது. பங்குனியில் ஊருக்கு வந்த நண்பரிடம் எனக்கென்று ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டு போன் செய்தான். “மாமா, ஸ்காட்லாந்து ஸ்பெஷல். கில்ட் மாதிரி. குளிச்சிட்டுக் கட்டிக்கிட்டு ஒரு போட்டோ அனுப்புங்க, இங்க பசங்ககிட்ட காட்டணும்.” கில்ட் என்பது அந்த நாட்டு ஆண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும், முழங்காலோடு நின்றுவிடும், கட்டம் போட்ட உடுப்பு. பிரித்துப் பார்த்துவிட்டு, “என்ன மச்சான், பாவாடையா?” என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான், ரோஷம் வந்து வகுப்பே எடுத்துவிட்டான். “பாவாடைன்னு சொல்லாதீங்க மாமா. சண்டைக்குப் போனவனுங்க கட்டுனது. இப்ப தினுசு தினுசா வந்துடுச்சு. ஜீன்ஸ் துணியில வருது, தோல்ல வருது, ஆணி சுத்தி வைக்கிற பாக்கெட்டோட வேலைக்காரனுக்கு வருது, ஆபீசுக்குக் கறுப்புல வருது, மழை ஒட்டாம மலையேறவனுக்கு வருது, பொண்ணுங்களுக்குக் குட்டையா வருது.” யார் வேண்டுமானாலும் கட்டலாமா என்றேன். “அதான் மாமா இங்க பெரிய சண்டையே. இந்தக் கட்டம் இந்த வம்சத்துக்குத்தான்னு கெழவனுங்க சொல்றானுங்க. ஆசைப்பட்டவன் கட்டட்டும்னு பசங்க சொல்றானுங்க.” அப்படியானால் என்னுடையது எந்த வம்சத்துக் கட்டம் என்று கேட்டேன். “உங்களுது பொது வம்சம் மாமா” என்றான். சிரித்த மாதிரி இருந்தது. லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

விழுந்த துணி என்பதற்காக அதைக் குறை சொல்ல மாட்டேன். உள்பக்கம் பூனைக்குட்டியைத் தடவுவது போல மெத்தென்று இருக்கும். எவ்வளவு வியர்த்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். எப்படி உட்கார்ந்து எழுந்தாலும் மடிப்புக் கலையாது, இஸ்திரியே வேண்டாம். முன்னால் ரோமம் வைத்த ஒரு பை இருந்தது. அதில் போனை வைக்கலாம் என்று பார்த்தேன், வாய் எங்கே என்றே பிடிபடவில்லை. புதிது, பழகினால் திறக்கும் என்று விட்டுவிட்டேன். முடிச்சு, பெல்ட் ஒன்றும் கிடையாது, ஓரத்தில் வெல்க்ரோ பட்டை. அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் வந்துவிடும். வெள்ளைக்காரன் மூளையே மூளை என்று மெச்சினேன். இந்த இழுத்தால் வந்துவிடும் சமாச்சாரத்தை அன்றே கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

மச்சான் சொன்னபடி தினமும் சாயங்காலம் குளித்துவிட்டு, பயபக்தியோடு கட்டிக்கொண்டு சில்வர் பீச்சுக்கு நடக்கப் போனேன். என்னோடு நடக்கும் சார்லஸ் முதல் நாளே கேட்டார்: “இன்னாய்யா ஞானம், வீட்ல ஜன்னல் ஸ்கிரீன் ஒண்ணு கொறையுதா?” இது வீரர்கள் கட்டுவது என்றேன். “பம்பு செட்டுக்கு வாஷர் விக்கிறவன் எந்த சண்டைக்குய்யா போற?” சுண்டல் வாங்க நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். அங்கேயே அதைக் கழற்றிக் கடலில் விட்டிருக்க வேண்டும். எனக்கோ ரோஷம் வந்துவிட்டது. யாராவது ஒரு நல்ல மனிதர் ‘பிரமாதம்’ என்று சொல்லாமல் இதை விடுவதில்லை என்று மனதுக்குள் சபதம் செய்துகொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நல்ல மனிதர் என்று நான் மனதில் வைத்திருந்தது தங்களைத்தான்.

அதனால்தான், தங்கள் வீட்டில் முதன்முதலாகக் கை நனைக்கக் கிளம்பிய அன்று, பட்டுக்கரை வேட்டி கட்டிக்கொண்டேன் என்றாலும் புஷ்பவள்ளிக்குத் தெரியாமல் பைக்குள் கில்ட்டையும் செருகிவிட்டேன். சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில், பேச்சுவாக்கில் எடுத்துக் காட்டலாம் என்பது திட்டம். வெறுங்கையோடு வரக்கூடாது என்று காரை அண்ணாகிராமம் பக்கம் விட்டு, தெரிந்தவர் தோப்பில் அப்போதுதான் பறித்த பலாப்பழம் ஒன்றை வாங்கினோம். பின்னால் வைத்தால் நசுங்கும் என்று மடியில் குழந்தையைப் போல வைத்துக்கொண்டேன். காம்பிலிருந்து பால் வடிந்ததை நான் பார்க்கவில்லை. வடலூர் தாண்டி சேத்தியாத்தோப்பில் டீ குடிக்க இறங்கினேன். நான் இறங்கினேன், வேட்டி இறங்கவில்லை. அது பாதி சீட்டோடும் பாதி பழத்தோடும் சொந்தம் கொண்டாடிக்கொண்டு உள்ளேயே இருந்தது. எண்ணெய் போட்டுத் தேய்த்தோம், பிசின் போகாமல் எண்ணெய்க் கறையும் சேர்ந்துகொண்டது. புஷ்பவள்ளி நிதானமாகச் சொன்னாள்: “அதோ எதுத்தாப்புல ஜவுளிக்கடை தொறந்திருக்கு. ஒரு வேட்டி வாங்கிக் கட்டிக்கிட்டு வாங்க.” இந்த இடத்தைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கடை திறந்திருந்தது. கடைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான், “எதுக்கு வீண் செலவு, பையில ஒண்ணு இருக்கு” என்றேன். அவள் பையைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை எழுதப் படிப்பு போதாது. “உள்ள பட்டாப்பட்டியாவது போட்டிருக்கீங்கல்ல?” என்று மட்டும் கேட்டாள். கில்ட்டுக்குள் எதுவும் போடக்கூடாது என்பது அந்த ஊர் மரபாம், அதையும் கடைப்பிடிக்க எனக்கு ஆசை இருந்தது. புவனகிரி வரைக்கும் அவள் திட்டிய திட்டில் அந்த ஆசை மட்டும் போய்விட்டது. தங்கள் குடும்பத்துக்கு என் மனைவி செய்த உதவி அது, மறந்துவிட வேண்டாம்.

இனி வாசல். தாங்கள் முன்னால் வந்து “வாங்க வாங்க” என்றீர்கள். தங்கள் கண் ஒரு தடவை முழங்காலுக்கு இறங்கி, நாகரிகமாக மேலே ஏறிவிட்டது. அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது. பின்னாலேயே “வாங்க” என்றபடி சௌந்தரம் அம்மையார் வந்தார்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, அவர்கள் சரியென்றால்தான் அந்த வீட்டில் எதுவும் சரி என்று தரகர் முன்பே சொல்லிவைத்திருந்தார். அவர்களைப் பார்த்ததும் எனக்குள் மளமளவென்று ஒரு வேலை நடந்தது. பெரியவர்கள் எதிரே வந்தால் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட வேண்டும். இது எனக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். மூளையைக் கேட்காமலேயே கை செய்துவிடும். முழங்காலுக்குக் கீழே துணி தட்டுப்படவில்லை. ‘அடடா, மடிச்சுக் கட்டியிருக்கோமே’ என்று கை நினைத்தது. இடுப்புக்குப் போனது. இழுத்துவிட்டது.

சர்ரக் என்று ஒரு சத்தம். தெருவில் போன ஐஸ்காரர் மணியடிப்பதை நிறுத்திவிட்டார். குனிந்து பார்த்தேன், வம்சக் கட்டம் முழுக்கப் பாதத்தைச் சுற்றி வட்டமாகக் கிடந்தது. நான் கோடு போட்ட பட்டாப்பட்டியோடு, வணக்கம் சொல்லக் கூப்பிய கையோடு நின்றேன். அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்கள்: “வாங்கன்னுதானே சொன்னேன்? அவுக்கவா சொன்னேன்?”

அதன்பின் தாங்கள் வேட்டி கொடுத்தது, மாப்பிள்ளை செம்பியன் தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடியது, நான் தலைநிமிராமல் சாப்பிட்டு முடித்தது, எல்லாம் தாங்கள் அறிந்ததே. அவியல் மிக நன்றாக இருந்தது. அன்று சொல்ல வாய் வரவில்லை. கிளம்பும்போது அம்மையார், “நாங்க கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்” என்றார்கள். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை. ஜாதகத்தில் எல்லாக் கட்டமும் பொருந்தியது, என் இடுப்பில் இருந்த கட்டம் கவிழ்த்துவிட்டது.

சிரிக்கச் சிரிக்க எழுதுகிறான் என்று நினைக்க வேண்டாம். என் மகள் சந்திரலேகா ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலை. வேலை முடிந்து வருகிறாள், “சாப்ட்டியாப்பா?” என்று கேட்கிறாள், அறைக்குள் போய்விடுகிறாள். செம்பியன் தம்பியைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து ஏதாவது ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். அந்த முணுமுணுப்பு நின்றுவிட்டது. வீட்டில் மிக்ஸி ஓடாத நேரமெல்லாம் அது நின்றது எனக்குக் கேட்கிறது. பைத்தியக்காரத்தனம் என்னுடையது. அவளுக்கு அதில் பங்கில்லை. அவள் அம்மாவைப் போல, ஜவுளிக்கடையைப் பார்த்ததும் வேட்டி வாங்கு என்று சொல்கிற ஜாதி. தயவுசெய்து என்னை வைத்து அவளை எடை போட வேண்டாம். கல்யாணத்தன்று என்னைப் பந்தலுக்குப் பின்னால் சமையல் பாத்திரங்களோடு உட்கார வைத்தாலும் சம்மதம்.

இந்தப் புதுமாதிரிக் கில்ட்டையெல்லாம் யார் கட்டலாம், யார் கட்டக்கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் அடித்துக்கொள்கிறார்களே, இத்தனை பட்ட பிறகு எனக்கு ஒரு தீர்ப்புத் தெளிவாகிவிட்டது. வம்சம் பார்க்க வேண்டியதில்லை. ஆணா பெண்ணா, குட்டையா நெட்டையா, கெண்டைக்கால் எப்படி இருக்கிறது என்றும் பார்க்க வேண்டியதில்லை. ஜீன்ஸிலோ தோலிலோ கட்டிக்கொண்டு சந்தோஷமாக இருக்கட்டும். வேட்டியை மடித்துக் கட்டி, பெரியவர்களைக் கண்டால் இறக்கிப் பழகிய கை மட்டும் அதன் பக்கமே போகக்கூடாது. மரியாதை தெரியாதவன் கட்டினால் அது பத்திரமாக நிற்கும், தெரிந்தவன் கட்டினால் விழும். அன்று வாசலில் விட்டுவந்த அந்த உடுப்பைத் தாங்கள் கொளுத்திவிடலாம். வீரர்களின் சாபம் ஏதாவது இருந்தால் அது டண்டீக்குப் போய்ச் சேரட்டும்.

சௌந்தரம் அம்மையாருக்கு என் சாஷ்டாங்க நமஸ்காரம். நேரில் குனியாமல் கடிதத்தில் குனிவது எல்லோருக்கும் பாதுகாப்பு. செம்பியன் தம்பிக்கு என் ஆசீர்வாதம், சிரித்ததற்காக அவர்மேல் வருத்தமில்லை. தங்கள் இல்லத்தில் எல்லாச் சுபகாரியங்களும் தடையின்றி நடக்கட்டும், அதில் ஒன்று எங்கள் வீட்டோடும் நடக்கட்டும்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஞானசேகரன்

பின்குறிப்பு: பொட்டலத்தைக் கட்டி முடித்த பிறகு சந்திரலேகா வந்து பிரிக்க வைத்துவிட்டாள். செம்பியன் தம்பி போனிலிருந்து சௌந்தரம் அம்மையார் பேசி அனுப்பியதைச் சிரித்துக்கொண்டே போட்டுக் காட்டினாள். கேட்டதை அப்படியே எழுதிவிடுகிறேன்: “சந்திரா, உங்கப்பா விட்டுட்டுப் போனத இன்னிக்குத்தான் துவைக்க எடுத்தேன். ஓரத்துல இங்கிலீஷ்ல சீட்டு தெச்சிருக்கு. அது கில்ட்டு இல்லம்மா, குளிச்சிட்டுத் துவட்டிக்கிற துண்டு. அந்தப் பையி, மடிப்பு எல்லாம் வெறும் அச்சு. சம்பந்தம் பேச வரவன் எதையாவது மறைச்சுக்கிட்டுத்தான் வருவான். காத்துன்னாரு, வேட்டிய எறக்குற மாதிரி கை போனத நான் பாத்தேனே. துண்டக் கட்டிக்கிட்டு வந்து, மரியாதைக்கு அதையும் எறக்குன மனுசன் என்னத்த மறைக்கப் போறாரு? ஆவணியில நாள் பாக்கச் சொல்லிட்டேன். அப்பாவ வேட்டியோட மட்டும் வரச் சொல்லு. துண்டு இங்க கொடியில காயுது, நல்லா உறிஞ்சுது.”