வரிக்கைப் பலாவுக்கு ஓர் ஆமென்

வெற்றி! இதைத் தோல்விக் கதை என்று பக்கத்து வீட்டுக் குமாரதாஸ் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். நம்பாதீர்கள். நான் ஜெயித்தேன். சுமார் அரை மணி நேரம் ஜெயித்தேன். ஒரு குடும்பஸ்தனுக்கு அது கொஞ்ச நேரமல்ல.

அன்றைக்குச் சனிக்கிழமை. காலையில் எழுந்ததும் ஒரு மகத்தான தீர்மானம் செய்தேன். இன்று என் மனைவி செல்லபாயிடம் ஒரு வாக்கியத்தைத் தொடங்குவது. அதை நானே முடிப்பது.

சிரிக்காதீர்கள். எனக்குப் பேச வராது என்று நினைக்கவும் வேண்டாம். நான் பத்மநாபபுரம் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. பேச்சுதான் என் பிழைப்பு. முனிசீப்பின் முன்னால் நின்றால் முதுகை வளைத்து, வாயைப் பொத்தி, மலையாளத்தில் "உத்தரவு" என்பேன். அந்த ஒரு சொல்லில் நெய் வடியும். வராந்தாவுக்கு வந்து கட்சிக்காரனைப் பார்த்ததும் அதே முதுகு நிமிர்ந்துவிடும். இல்லாத சட்டத்தையெல்லாம் சொல்லி அவனை நடுங்க வைப்பேன். சபையில் ஜெபிக்க எழுந்து, "சர்வ லோகங்களையும் ஆளுகிற பிதாவே" என்று இழுத்தால், உபதேசியார் ஜெபசீலனே ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பார்.

கடற்கரையிலிருந்து மீன் சுமந்து வரும் வியாகுலம்மாளிடம் என் பேச்சே வேறு.

"வியாகுலம், இது சாளையா, இல்ல சாளைக்க எலும்பா?"

"ஓய் குமாஸ்தா, கண்ணு தெரியாட்டா கண்ணாடி வாங்கிப் போடும். இப்பம் கடல்ல கெடந்து துள்ளின மீனாக்கும்!"

"இப்பமா? போன வெள்ளிக்கிழமை துள்ளின மாதிரியில்லா மணக்குது!"

"உமக்கு வாயில நாக்கா, அருவாளா?" என்று சிரித்தபடி அவள் இன்னும் ஒரு கை மீனை அள்ளிப் போடுவாள்.

பார்த்தீர்களா? இடத்துக்கு ஒரு குரல் வைத்திருக்கிறவன் நான். வீட்டுப் படியை மிதித்தால்தான் எல்லாக் குரலும் சேர்ந்து படுத்துவிடும்.

அன்றைய காரியம் அப்படிப்பட்டது. எங்கள் சபைக் கோயிலின் பிரசங்க பீடத்தைக் கறையான் தின்றுவிட்டது. புதிது செய்ய நல்ல மரத்தடி வேண்டும். கொடுக்கிறவர் பெயரைப் பீடத்தின் முகப்பில் செதுக்குவோம் என்று உபதேசியார் அறிவித்திருந்தார். 'ஆபேல் குமாஸ்தா காணிக்கை.' நினைத்தாலே எனக்கு நெஞ்சு விரிந்தது. ஞாயிறுதோறும் சபை முழுவதும் அதைப் பார்த்தே ஆகவேண்டும். குமாரதாஸும் பார்த்தே ஆகவேண்டும்.

எங்கள் வீட்டுக் கிழக்கு மூலையில் ஒரு வரிக்கைப் பலா நிற்கிறது. கல்யாணமாகி வந்த வருஷம் செல்லபாய் தன் கையால் நட்டது. ஆனி ஆடி மழையில் வேலையில்லாமல் தெருவே முடங்கிக் கிடக்கும்போது, அவள் பலாச்சக்கையை வெட்டி வீடு வீடாக அனுப்புவாள். அந்தச் சுளை தின்னாமல் எங்கள் தெருவில் ஒரு பிள்ளையும் வளரவில்லை. அந்த மரத்தின்மேல்தான் நான் கண் வைத்திருந்தேன்.

தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன்.

"ஏட்டி செல்லபாய், கோயிலுக்குப் புதுசா ஒரு பிரசங்க..."

"பீடம் செய்யப் போறாவ. கேட்டேன்."

"அதுக்கு நல்ல தடி..."

"வேணும். எங்கயாவது கெடைக்கும்."

"நம்ம கெழக்கு மூலையில நிக்க..."

"சக்க இன்னும் வெளையல்ல. வெளைஞ்சா நான் சொல்லுதேன். பல்லு தேச்சிட்டு வாங்க, கஞ்சி ஆறுது."

பல் தேய்க்கப் போனேன். ஆனால் கிணற்றங்கரையில், வாயில் உமிக்கரியோடு நின்றபோது, மூளையில் வெளிச்சம் அடித்தது. செல்லபாய் குறுக்கே பேச முடியாத இடம் ஒன்று இந்த உலகத்தில் உண்டு. ஜெபம்!

அன்று மாலை எங்கள் வீட்டில்தான் ஜெபக்கூட்டம். வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரன் முதலில் ஜெபிப்பான். நடுவில் யாரும் மூச்சு விடக்கூடாது. ஒரு பொருளைக் கொடுப்பதாக ஜெபத்தில் சொல்லி, கூட்டமும் ஆமென் சொல்லிவிட்டால் அது பொருத்தனை. எந்தக் கோர்ட்டிலும் அதற்கு அப்பீல் கிடையாது. முடிவு ஜெபம் வீட்டுக்காரிக்கு உரியது. ஆனால் செல்லபாய் அந்த நேரம் பார்த்து சாயா போட எழுந்து போய்விடுவாள், உபதேசியாரே முடித்துவிடுவார். அவளுக்குத் தெரிந்தது அடுக்களைப் பேச்சு. சபையில் பேசும் பேச்சுக்கு அவள் எங்கே போவாள்? உமிக்கரியைத் துப்பிவிட்டு, கைகளை விரித்து, ஜெபத்தை இரண்டு தடவை ஒத்திகை பார்த்தேன்.

மாலை வந்தது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கூட்டம் நிறைந்தது. பாட்டு முடிந்ததும் எழுந்தேன்.

"சர்வ வல்லமையுள்ள பிதாவே! இந்த வீட்டின் கிழக்கு மூலையில் நிற்கிற பலாவை, தேவரீருடைய ஆலயத்துக்கென்று, வேரும் கிளையுமாக, அடியேன் மனப்பூர்வமாய்க் காணிக்கையாக்குகிறேன்!"

வெட்டு, கோடாலி, ரம்பம் என்ற சொற்கள் ஜெபத்துக்கு அழகாக இல்லை என்று விட்டுவிட்டேன். ஒரு நல்ல பேச்சாளனுக்கு இதெல்லாம் தெரியவேண்டும்.

"ஆமென்!" என்றது கூட்டம். ஓரக்கண்ணால் பார்த்தேன். குமாரதாஸின் முகம் சுண்டிப்போயிருந்தது. செல்லபாயும் ஆமென் சொன்னாள். எல்லாரையும்விட உரக்கச் சொன்னாள். இருபது வருஷத்தில் முதல் தடவையாக என் வாக்கியம் முற்றுப்புள்ளியைக் கண்டுவிட்டது. எனக்கு எழுந்து ஆடவேண்டும் போலிருந்தது. வேத வாசிப்பு, விளக்கம், இரண்டு பாட்டு, எதுவும் என் காதில் விழவில்லை. வெற்றியில் மிதந்துகொண்டிருந்தேன்.

முடிக்க உபதேசியார் எழுந்தார்.

"உபதேசியாரே, முடிவு ஜெபம் நான் செய்யுதேன்" என்றாள் செல்லபாய்.

அவர் மறுபேச்சில்லாமல் பயபக்தியோடு உட்கார்ந்தார். எனக்கு அது விசித்திரமாக இருந்தது.

"கிருபையுள்ள ஆண்டவரே! அடியாளுடைய புருஷனின் இருதயத்தை ஏவி, இந்த மரத்தை உமக்கென்று வாங்கிக்கொண்டீர். ஸ்தோத்திரம்!"

"ஸ்தோத்திரம்!" என்றது கூட்டம்.

"இன்றுமுதல் இது உம்முடைய மரம். உம்முடைய மரத்தின்மேல் மனுஷர் கோடாலி ஓங்காதபடி காத்துக்கொள்ளும். வருஷந்தோறும் இதின் முதற்கனி உமது அறுப்பின் பண்டிகைக்கு வரட்டும். மற்றவை பசித்தவர்களின் வீடுகளுக்குப் போகட்டும்."

"ஆமென்!"

மரம் என் கையை விட்டு நழுவுவது தெரிந்தது. ஜெபமாயிற்றே! எப்படிக் குறுக்கே பேசுவது?

"உமது ஆலயத்தில் பீடம் இல்லாததை நீர் அறிவீர். பச்சைத் தடி வெடித்துப்போகும் என்பதையும் அறிவீர். ஆகையால் இந்த வீட்டில் காய்ந்து முதிர்ந்து கிடக்கிற ஈட்டி மரக் கட்டிலை, அடியாளுடைய புருஷன் இத்தனை காலம் சுகமாய் நித்திரை செய்த கட்டிலை, பீடத்துக்கென்று சந்தோஷத்தோடே படைக்கிறோம்!"

என் கட்டில்! என் தகப்பனார் எனக்கென்று செய்து கொடுத்த கட்டில்! மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயிலிருந்து, பிறந்தது முதல் உள்ள பழக்கம், ஒரே ஒரு சொல்தான் வந்தது.

"ஆமென்!"

கூட்டத்திலேயே நான்தான் முதலில் சொன்னேன்.

உபதேசியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "குமாஸ்தா, மரமும் கொடுத்தீரு, கட்டிலும் கொடுத்தீரு! இதாக்கும் விசுவாசம்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குமாரதாஸ் ஓடிப்போய்க் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்தான். "கையோட கொண்டு போயிருவோம், என்ன?" சபைக் காரியத்தில் அவனுக்கு அத்தனை உற்சாகத்தை நான் அதுவரை கண்டதில்லை. நான் வாசலில் நின்று, எல்லாருடைய பாராட்டையும் கைகூப்பி வாங்கிக்கொண்டேன். கட்டில் படியிறங்கிப் போயிற்று.

கூட்டம் கலைந்ததும் கேட்டேன். "ஏட்டி, இந்தப் பேச்சு ஒனக்கு எங்க இருந்து வந்துது?"

"வாரா வாரம் பெண்கள் சங்கத்துல ஜெபம் நடத்துறது நானாக்கும். அங்க நான் எழும்பினா ஒரு ஈ பறக்காது."

"எங்கிட்ட ஒருநாளும் இப்பிடிப் பேசினதில்லியே!"

"நீங்க முனிசீப்புகிட்ட வளையுத மாதிரி எங்கிட்ட வளைஞ்சதுண்டா? எங்க எப்பிடிப் பேசணுமோ அங்க அப்பிடிப் பேசணும்."

"சரி, இண்ணைக்கு நான் மரத்தக் குடுப்பேன்னு..."

"கெணத்தங்கரையில நின்னு அந்தக் கூவு கூவினீங்களே! மீன் கொண்டு வந்த வியாகுலம்மாளும் கேட்டுட்டுல்லா சிரிச்சா. பாய் விரிச்சிருக்கேன், போய்ப் படுங்க."

படுத்தேன். இடுப்பு வலித்தாலும் மனம் தளரவில்லை. கட்டில் போனால் என்ன? பெயர் நிற்குமே! ஆபேல் குமாஸ்தா காணிக்கை!

பீடம் வந்த ஞாயிற்றுக்கிழமை சலவை வேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். உபதேசியார் மூடியிருந்த துணியை விலக்கினார். ஈட்டி மரம் கண்ணாடியாக மின்னியது. முகப்பில் முத்து முத்தான எழுத்துகள்: 'செல்லபாய் அம்மாள் காணிக்கை.'

ஆராதனை முடிந்ததும் ஓடினேன். "உபதேசியாரே, பேரு..."

"சரியாத்தானே இருக்கு? நீரு குடுத்தது மரம். அது நிக்குது. கட்டிலக் குடுத்த ஜெபம் அம்மாளுக்கதுல்லா?"

"அதுக்கு நானும்தானே..."

ஆமென் சொன்னவர்கள் பெயரையெல்லாம் செதுக்கும் வழக்கம் எங்கள் சபையில் இல்லையாம்.