மால்வண் கிளையின் புது மேனேஜர்

"கடல மூடிட்டாங்க மேடம்."

ஹேமாங்கி பரப் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள்.

"கடல எப்பிடிங்க மூடுவாங்க? அது என்ன மளிகைக் கடையா?"

"கவர்மென்ட்டு மூடிருச்சு மேடம். முங்குறது, பறக்குறது, வாழைப்பழப் படகு எல்லாமே கணபதி பண்டிகை முடிஞ்சுதான். தொறக்கிறதுக்குச் சாவி என்கிட்டயா இருக்கு?"

மறுமுனையில் பேசியவன் கேசவ் தாண்டேல். மால்வண் கடற்கரையில் சுற்றுலாக்காரர்களைக் கடலுக்குள் முக்கி எடுப்பதும், வானத்தில் பறக்கவிடுவதும் அவன் தொழில். மழைக்காலத்தில் அந்தத் தொழிலும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தான். அதனால்தான் முதல் மணியிலேயே போனை எடுத்தான்.

ஹேமாங்கி குடால்காரி. கொங்கண் மண்ணில் பிறந்தவளுக்கு மழைக்காலத்தில் கடல் மூடும் என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் சேர்மன் சொன்னால் திறந்துவிடும் என்று எங்கோ ஓர் ஓரத்தில் நம்பியிருந்தாள். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் ஏழு வருஷம் எழுத்தராக இருந்தால் அறிவு அந்த நிலைக்குத்தான் வரும்.

சேர்மன் அண்ணாசாகேப் போன வாரம் அவள் வேலை பார்க்கும் ஆஜரா கிளைக்கு வந்து, எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினார். மும்பையில் பெரிய பெரிய கம்பெனிக்காரர்கள் ஊழியர்களைச் சாகசத்துக்கு அழைத்துப் போகிறார்களாம். நாம் மட்டும் என்ன குறைச்சல்? வருஷத்துக்கு ஒரு கிளை என்று அவர் கூட்டிப் போவது வழக்கம். இந்த வருஷம் ஆஜராவுக்கு யோகம். கட்டாரியை மால்வண் கடற்கரையில் கொண்டாடலாம்.

கட்டாரி என்றதும் கேஷியர் பிசாளின் முகம் மலர்ந்தது. ஆவணி விரதம் தொடங்கிவிட்டால் கறியும் இல்லை, குடியும் இல்லை. அதற்கு முன்னால் ஒரு மாசத்துக்குச் சேர்த்துத் தின்று, குடித்து, சாக்கடையில் விழுகிற பண்டிகை அது. சாக்கடைக்கு மராட்டியில் என்ன பெயரோ, அதையேதான் பண்டிகைக்கும் வைத்திருக்கிறார்கள். இந்த அளவுக்கு உண்மை பேசுகிற பண்டிகை வேறு எதுவும் இல்லை.

பேசி முடித்து, அண்ணாசாகேப் ஹேமாங்கியைத் தனியே அழைத்தார்.

"ஏற்பாடெல்லாம் உன் பொறுப்பும்மா. நீ அந்தப் பக்கத்துக்காரி. மால்வண்ல நம்ம புதுக் கிளை வருதில்ல? கட்டடம் ரெடி. பெயிண்ட் காயணும், அவ்ளோதான். மேனேஜரா யாரப் போடலாம்னு யோசிச்சுட்டிருக்கேன்."

அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. குடாலிலிருந்து மால்வணுக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். ஏழு வருஷமாக அவள் ஆஜராவில் ஒரு வாடகை அறையில், ஒரு ஸ்டவ்வோடு குடித்தனம் நடத்துகிறாள். கணவன் மிலிந்தும் மகள் ஓவியும் மலைக்கு அந்தப் பக்கம், குடாலில். ஓவிக்கு அம்மா என்றால் ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் அந்த அம்மா மறுபடியும் காணாமல் போய்விடுவாள். பள்ளிக்கூட விழாவுக்கு 'அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா' என்று டீச்சர் சொன்னபோது, ஓவி யோசிக்காமல் சித்தியைக் கூட்டிக்கொண்டு போனாள். இதை மிலிந்த் சிரித்துக்கொண்டே சொன்னான். ஹேமாங்கியும் போனில் சிரித்தாள். பிறகு அழுதாள்.

அதனால் கடலை மூடிவிட்டார்கள் என்று கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியாது.

"வேற என்ன சாகசம் வச்சிருக்கீங்க?"

"கடல விட நல்லது ஒண்ணு இருக்கு மேடம்!" தாண்டேலுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. "ரெண்டு தென்னைக்கு நடுவுல கம்பி கட்டி, அதுல தொங்கிக்கிட்டே போறது. சும்மா ஜிவ்வுன்னு போகும்."

"பத்திரமானதுதான?"

"நான் கட்டுறேன் மேடம்."

அது பதில் இல்லை என்பதை ஹேமாங்கி கவனிக்கவில்லை.

"ராத்திரி தங்குறதுக்கு?"

"கடற்கரையிலயே கூடாரம். அதுவும் சாகசம்தான். சாப்பாடும் நானே பாத்துக்கிறேன். யாரு பேருக்கு எழுதட்டும்?"

"ஆஜரா சாகா."

"என்னது?"

"சாகா! சாகா! ஆஜரா சாகா!"

கிளையை அந்த ஊரில் 'சாகா' என்பார்கள். சங்கத்துக்காரர்கள் வாயில் மூச்சுக்கு மூச்சு வரும் சொல். மால்வணில் அப்போது ஓட்டுக் கூரை மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. தாண்டேல், "புரிஞ்சுது மேடம், சுத்தமா ஏற்பாடு பண்ணிடறேன்" என்று சொல்லி வைத்தான்.

எதற்கும் இருக்கட்டும் என்று, போன வருஷம் சந்த்கட் கிளையின் உலாவுக்கு ஏற்பாடு செய்த குரவ் என்பவருக்கும் அவள் போன் போட்டாள்.

"அண்ணே, நீங்க போன வருஷம் எல்லாத்தயும் எப்பிடிச் சமாளிச்சீங்க?"



"நல்லா நடத்துங்கம்மா" என்றார் குரவ். போன் துண்டிக்கப்பட்டது.

பொறாமை, என்று ஹேமாங்கி முடிவு செய்தாள். தனக்குக் கிடைக்காதது அடுத்தவனுக்குக் கிடைக்கப் போகிறது என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

சனிக்கிழமை மினிபஸ் மலையிறங்கி மால்வண் சேர்ந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அண்ணாசாகேப் தன் காரில் பின்னால் வந்தார். கடற்கரையில் கூடாரங்கள் நின்றன. நின்றன என்பதை விட, பறப்பதற்குத் தயாராக இருந்தன என்பதே பொருத்தம்.

"சார், சாகசத்த ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, நம்ம கிளைக் கட்டடத்த ஒரு எட்டுப் பாத்துட்டு வரட்டுமா?"

"பாக்கலாம்மா, பாக்கலாம். அது எங்க ஓடிப்போவப் போவுது?"

முதலில் கம்பி. யாரும் முன்வரவில்லை. பிசாள்தான் வேட்டியை... இல்லை, கால்சட்டையைத் தூக்கி விட்டுக்கொண்டு வந்தார். வரும்போதே மினிபஸ்ஸின் பின்சீட்டில் கட்டாரியைத் தொடங்கியிருந்தார். தைரியம் அங்கிருந்து வந்தது.

"கேஷ்ல ஒக்காந்தவனுக்குப் பயம் கெடையாது. தள்ளுடா!"

தாண்டேல் தள்ளினான். பிசாள் ஜிவ்வென்று போனார். பாதி தூரம் போனார். பிறகு கம்பி தொய்ந்து, அவர் உடம்பின் முழுக் கனத்தோடும் நடுவில் நின்றுவிட்டார். கீழே சேறு, மேலே மழை.

"இழுங்க!" என்று கத்தினாள் ஹேமாங்கி.

"இழுத்தா தென்னை சாயும் மேடம். பழைய மரம்."

"அப்ப என்னதான் பண்றது?"

"காத்தடிச்சா தானா நகருவாரு."

காற்று அடித்தது. பிசாள் நகரவில்லை. கூடாரங்கள் நகர்ந்தன. ஒன்று புரண்டு புரண்டு கடலுக்குப் போனது. ஒன்று பக்கத்துத் தோப்பில் ஒரு எருமையின் மேல் போய் விழுந்து, எருமையோடு சேர்ந்து ஓடியது. மூடிய கடலுக்குள் அன்றைக்கு இறங்கியது அந்த முதல் கூடாரம்தான்.

"ஹேமாங்கி மேடம்!" கம்பியிலிருந்து பிசாளின் குரல். "என்ன எறக்க முடியாட்டிப் பரவால்ல. கறித்துண்டு ரெண்டு மேல அனுப்புங்க. இங்கயே தின்னுக்கிறேன்!"

ஹேமாங்கிக்கும் அதுதான் தோன்றியது. வயிறு நிறைந்தால் மனுஷன் எதையும் மன்னிப்பான். "அண்ணே, சாப்பாட்ட எடுங்க" என்றாள்.

தாண்டேல் பெருமையோடு பாத்திரங்களைத் திறந்தான். கறுப்புப் பட்டாணிக் குழம்பு. பலாக்கொட்டைப் பொரியல். வெள்ளரிக்காய்ப் பச்சடி. சோறு. வாழையிலை.

கூட்டம் அந்தப் பாத்திரங்களைப் பார்த்தது. பிறகு ஹேமாங்கியைப் பார்த்தது.

"கோழி எங்கண்ணே?" அவள் பாத்திரங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"கோழியா? நீங்கதான மேடம் திரும்பத் திரும்பச் சொன்னீங்க, சாகாஹாரி, சாகாஹாரின்னு? கட்டாரி அன்னிக்குச் சுத்த சைவமா, எவ்ளோ பெரிய மனசு இவங்களுக்குன்னு என் பொண்டாட்டி கண்ணுல தண்ணியே வந்துருச்சு. வெங்காயம்கூடப் போடல. இதுக்குன்னே கோயில் பட்டரப் புடிச்சு சமைக்க வச்சேன்."

"நான் கிளைன்னு சொன்னேன்யா! சாகா! ஆஜரா கிளை!"

"அடக் கடவுளே. நான் அந்த ஊரே சைவமாயிடுச்சு போலன்னுல்ல நெனச்சேன்."

கம்பியில் தொங்கிய பிசாள் இதைக் கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவர் பேசியவற்றை எழுத முடியாது. பாத்திரங்களோடு வந்திருந்த பட்டர் காதைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

ஹேமாங்கி சேற்றில் நின்றாள். எல்லாம் போயிற்று என்று தெரிந்தது. மேனேஜர் நாற்காலி போயிற்று. சாயங்காலப் பஸ் போயிற்று. இந்தக் கூத்துக்காக இந்த வார ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று. நாளைக்கு ஓவி வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, சித்தி வீட்டுக்குப் போய்விடுவாள். மழையில் நிற்பதில் ஒரு வசதி, அழுதால் யாருக்கும் தெரியாது.

அண்ணாசாகேப் குடை பிடித்துக்கொண்டு அருகில் வந்தார். அவள் தலை குனிந்தாள்.

"மன்னிச்சிடுங்க சார்."

"எதுக்கும்மா மன்னிப்பு?" அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "இது மாதிரி நான் சிரிச்சு எத்தன நாளாச்சு! சாகசம்னா இதான். பிசாள எறக்குங்க. வாங்க, நம்ம எடத்துக்குப் போவோம். இங்கதான், பக்கத்துல."

ஹேமாங்கிக்குக் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போலிருந்தது. மனுஷன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

தென்னை மரத்தைக் கயிறு போட்டுப் பின்னால் இழுத்துப் பிடித்து, பிசாளை இறக்கினார்கள். அவர் சேற்றிலேயே இறங்கினார். எல்லோரும் ஈரம் சொட்டச் சொட்ட நடந்தார்கள்.

கடலைப் பார்த்த மாதிரி மாடி வைத்த ஒரு வீடு. வாசலிலேயே ஆட்டுக்கறி மணம் தூக்கியது. கூடத்துப் பின்கட்டில் இரண்டு பெரிய அண்டாக்களில் சிவப்புக் கறிச்சாறும் வெள்ளைக் கறிச்சாறும் கொதித்துக்கொண்டிருந்தன. பிசாள் அந்த அண்டாக்களைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மங்கலாபாய் கரண்டியோடு வந்தாள்.

"இவ்ளோ பேருக்கும் எப்பிடிக்கா காலையிலயே சமைச்சு வச்சீங்க?" ஹேமாங்கி கேட்டாள். "மழ வந்து இங்கதான் வருவோம்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஆடியில மழ வராம வெயிலா அடிக்கும்?" என்றாள் மங்கலாபாய்.

ஹேமாங்கி திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் கூடம் முழுசாகக் கண்ணில் பட்டது. ஒரு பக்கம் நீளமான கவுன்ட்டர். அதன் மேல் கண்ணாடி. கண்ணாடியில் கை நுழைகிற அளவுக்கு அரைவட்ட ஓட்டை. 'பணம் செலுத்துமிடம்' என்று மேலே எழுதியிருந்தது. அதன் பின்னால், இரும்புக் கதவு போட்ட பெட்டக அறை. அந்தக் கதவைத் திறந்து ஆட்கள் சோடா பாட்டில்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"சார்..." அவள் கவுன்ட்டரைக் கைகாட்டினாள். "இது... நம்ம கிளையா?"

"பின்ன? அவசரப்பட்டியே, பாத்துக்க." அண்ணாசாகேப் அவள் தோளைத் தட்டினார். "மங்கலா, இவங்கதான் நம்ம புது மேனேஜர். நல்லா கவனிச்சுக்க."

"வாங்க மேனேஜர் மேடம்" என்றாள் மங்கலாபாய்.

அவர் மாடிக்குப் போனார். பாட்டில்களும் அவரோடு போயின. கட்டாரி மேலே தொடங்கியது.

ஹேமாங்கி கவுன்ட்டருக்குப் பின்னால் போனாள். அங்கே கைவைத்த நாற்காலி ஒன்று இருந்தது. உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். சுவரைத் தொட்டுப் பார்த்தாள். வண்ணம் காய்ந்திருந்தது. காய்ந்தது மட்டுமில்லை, சில இடங்களில் உரிந்து கையோடு வந்தது. உப்புக் காற்று, அப்படித்தான் இருக்கும். வேலைக்குச் சேர்ந்ததும் முதல் காரியமாக மறுபடி அடிக்கச் சொல்ல வேண்டும்.

ஈரப் புடவையோடு வீட்டுக்குப் போன் போட்டாள். ஓவிதான் எடுத்தாள்.

"ஓவி, அம்மா எங்க உக்காந்திருக்கேன் சொல்லு? என் சொந்த ஆபீஸ்ல! மால்வண்ல!"

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. வரமாட்டியா?"

"நாளைக்கு வரலடா கண்ணு. ஆனா இந்த ஆபீஸ் தொறந்ததும் அம்மா தினமும் சாயங்காலம் வந்துடுவேன்."

"தினமுமா?"

"தினமும்."

"திங்கக்கெழம கூடவா?"

"திங்கக்கெழமையும்தான்."

"அப்பா! அப்பா! அம்மா திங்கக்கெழமையும் வருதாம்!" ஓவி போனைப் போட்டுவிட்டு ஓடும் சத்தம் கேட்டது. போனில் வீட்டு நாய் குரைத்தது. மிலிந்த், "என்னடி சொல்ற?" என்று எங்கிருந்தோ கேட்டான்.

ஹேமாங்கி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மங்கலாபாய் தேநீர் கொண்டுவந்து கவுன்ட்டரில் வைத்தாள். ஹேமாங்கியின் கண் கலங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, அன்பாக முதுகில் தட்டினாள்.

"நல்லா சாஞ்சு உக்காந்து பேசுங்க மேடம். வருஷா வருஷம் கட்டாரிக்கு வர்ற புது மேனேஜருங்க எல்லாருமே இந்த நாற்காலியில உக்காந்துதான் வீட்டுக்குப் போன் போடுவாங்க."