நீலப் படங்குக்குள் வெடித்த வாணம்

எனக்குப் படம் எடுக்கத் தெரியாது. இதை ஒப்புக்கொள்ள ஐந்து வருடம் ஆயிற்று. அதுவரை பனியைத் திட்டினேன், மழையைத் திட்டினேன், போனில் வானிலை சொல்லும் பாழாய்ப்போன ஆப்பைத் திட்டினேன். திட்டவே கூடாத ஒருவரையும் திட்டினேன். இன்றைக்கும் யாராவது வாணவேடிக்கை என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அது நுவரெலியாவின் ஏப்ரல் சீசன், திருவிழாக் காலம். வருசப் பிறப்புக்குத் தேயிலைத் தோட்டம் லீவு. தங்கை சுகந்தி அடுத்த கிழமை குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகவிருந்தாள்.

"அவ போறதுக்கு முன்னால நுவரெலியாவுல நாலு பேரும் ஒண்ணா நின்னு ஒரு போட்டோ எடுக்கணும் தம்பி. பின்னால வாணம் வெடிக்கணும்," என்றார் அம்மா.

அம்மா என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். கொழும்பில் துணிக்கடையில் சட்டை மடிக்கும் நான், கல்யாண வீடுகளில் படமெடுக்கும் கூட்டாளி ஒருவனிடம் கெமராவும் ஸ்டாண்டும் இரவல் வாங்கி, யூடியூப்பில் மூன்று வீடியோ பார்த்துவிட்டு, பெரிய கலைஞனாக எங்கள் ஊர் பொகவந்தலாவையில் வந்து இறங்கினேன்.

வேனில் ஏறும்போதே முதல் சண்டை. அம்மா கையில் நீலப் படங்கு. கொழுந்து எடுக்கும்போது ஈரம் படாமல் இடுப்பில் கட்டிக்கொள்ளும் அதே பிளாஸ்டிக் விரிப்பு.

"இது என்னாத்துக்கு?"

"மழ வரும் தம்பி."

"போன்ல மழ இல்லன்னு போட்டிருக்கு. சீசன் பாக்க ஊரே வந்து நிக்கும். அங்க மலைக்குக் கட்டுற படங்கோடயா நிப்பீங்க?"

(முப்பது வருடம் மலையில் நனைந்தவருக்கு, மூன்று நாள் லீவில் வந்த நான் மழையைப் பற்றிப் பாடம் எடுத்தேன். கன்னத்தில் அறைய அன்றைக்கு ஆளில்லாமல் போயிற்று.) அம்மா வீட்டுக்குள் போய் வெறுங்கையோடு திரும்பினார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

நானுஓயா தாண்டியதும் பனி. ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏரியே இல்லை. வேனை நிறுத்திய இடத்திலிருந்து பத்தடி நடப்பதற்குள் மழையும் பிடித்துக்கொண்டது. போனைப் பார்த்தேன். அதில் சூரியன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. "எனக்கு வேனுக்குள்ளேர்ந்தே வாணம் கேக்கும்," என்று சொல்லிவிட்டு அப்பா திரும்பிப் போய் ஏறிக்கொண்டார்.

"அண்ணே, மொதல்ல எங்கள எடுண்ணே," என்றாள் சுகந்தி. குளிரில் அவளுக்குப் பல் கிட்டியது.

"சும்மா இரு. மொதல்ல வாணத்த எடுத்து செட்டிங் பாக்கணும்."

வாணம் வெடித்தது. வெடித்தது என்று காதுதான் சொன்னது. பனி ஒருதரம் சிவந்தது, ஒருதரம் பச்சையானது, அவ்வளவுதான். கண் வானத்தில் இருக்க வேண்டும், விரல் பொத்தானில் இருக்க வேண்டும் என்று வீடியோவில் ஒருவன் சொல்லியிருந்தான். அப்படியே அண்ணாந்துகொண்டு அமுக்கினேன். லென்ஸில் துளி விழுந்தது. "தண்ணி! யாராவது எதையாவது புடிங்களேன்!" என்று கத்தினேன். கொஞ்ச நேரத்தில் கெமராமேல் மழை நின்றுவிட்டது. என் அதிர்ஷ்டத்தை மெச்சிக்கொண்டு அமுக்கு அமுக்கு என்று அமுக்கினேன்.

கடைசி வெடியும் ஓய்ந்த பிறகு, "இப்ப வந்து நில்லுங்க," என்று திரும்பினேன்.

அம்மா பக்கத்திலேயே நின்றார். இரண்டு கையையும் நீட்டி, கெமராவுக்கு மேலே அந்தப் படங்கைப் பிடித்திருந்தார். சேலைக்குள் இடுப்பில் சுற்றிக் கட்டி, எனக்குத் தெரியாமல் கொண்டுவந்திருக்கிறார்! தலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. படங்கின் முன்பக்கம் லென்ஸுக்கு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

கெமராவைப் பார்த்தேன். நாற்பத்து மூன்று படம். நாற்பத்து மூன்றும் நீலம்.

"ஒங்கள யாரு இத கொண்டாரச் சொன்னா? எல்லாம் நாசமாப் போச்சு!" என்று கத்தினேன். குடை பிடித்து நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"இரவல் சாமான் தம்பி. நனையக் கூடாதுல்ல," என்றார் அம்மா.

வாணமில்லாமலாவது நால்வரையும் ஒரு படம் எடுத்திருக்கலாம். கோபத்தில் ஸ்டாண்டை மடக்கிவிட்டேன். வேன் ஹட்டனை நெருங்கியது. "வாணம் நல்லாத்தான் கேட்டுச்சு," என்றார் அப்பா. சுகந்தி சிரித்தாள். எனக்கு அதுவும் எரிச்சல்.

அடுத்த கிழமை அவள் போய்விட்டாள். இன்றைக்கும் நான் லீவில் போனால், "கெமராக்காரன் வந்துட்டான், படங்க எடு," என்று அப்பா அம்மாவிடம் சொல்லுவார். லயத்து வீட்டு வரிசையே சிரிக்கும்.

போன பின்பு சுகந்தி என்னிடம் கேட்டு வாங்கியது அந்த நாற்பத்து மூன்றில் ஒன்று. ஃப்ளாஷை அணைக்க மறந்திருந்தேன். அதனால் நீலத்தின் ஓரத்தில், கொழுந்துக் கறை ஏறிய அம்மாவின் பெருவிரல் பளிச்சென்று விழுந்திருக்கிறது. குவைத்தில் அவள் போனைத் திறந்தால் முதலில் வருவது அந்தப் படம்தான்.

"இதுல என்னடி இருக்கு?" என்று கேட்டேன்.

"அம்மா இருக்காங்கல்ல," என்றாள்.

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. பனிமேல் இல்லை, மழைமேலும் இல்லை. நாற்பத்து மூன்று தடவை அமுக்கினேனே, ஒரு தடவையாவது பக்கத்தில் திரும்பிப் பார்த்தேனா?